ஆற்றுக்கு நேரம் சொல்பவர்

எங்கள் ஊரில் ஆற்றுத் திருவிழாவுக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலேயே கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் விரித்து வைப்பார்கள். ஆடி மாதத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆற்றில் நீர் நிறைந்து நிற்குமோ அந்த ஞாயிறுதான் திருவிழா. கடல் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அது ஏறினால் எங்கள் ஆறும் ஏறும், அது இறங்கினால் ஆறும் இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் கோயில் படித்துறைக்குக் கீழே முழங்கால் அளவு சேறுதான் இருக்கும்.

இரண்டு சம்பான் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அம்மனை ஏற்றி, ஆற்றின் வளைவு வரை அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வருவதுதான் திருவிழா. போகும்போது ஏறுகிற நீரோடு போக வேண்டும். வளைவில் பூசை நடக்கும்போது நீர் நின்று திரும்பும். இறங்கத் தொடங்கிய நீரோடு, அது அதிகம் வற்றுவதற்குள், திரும்பி வந்துவிட வேண்டும். ஆகவே படகு எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று ஒருவர் கணித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்பவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துணியை அவர் தலையில் சுற்றிக் கட்டி, படகின் முன்முனையில் நிற்க வைப்பார்கள்.

என் அப்பா வடிகால் இலாகாவில் நீர்க்கதவுகளைத் திறந்து மூடும் வேலையில் இருந்தார். அவர் இருபது வருடம் நேரம் சொன்னார். அவருக்குப் பின் நான் பதினோரு வருடம் சொன்னேன். எனக்குப் பின், கடந்த ஒன்பது வருடங்களாக என் தங்கையின் கணவர் சொல்லி வருகிறார். அவர் ஊரில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கையில் கடிகாரம் கட்டுவதில்லை.

அவர்மேல் எனக்குப் பொறாமை. இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

நான் பதினைந்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பினாங்குத் தீவுக்கு வந்து, பாயான் பாருவில் வீடு வாங்கி, பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பதினோரு வருடமும் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போவேன். ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் நீர் திரும்பும் நேரம் அட்டவணையில் இருக்கும். எங்கள் படித்துறையில் நீர் திரும்பும் நேரத்தை நானே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வேன். இரண்டுக்கும் இடையே ஒரு மணி பத்து நிமிட வித்தியாசம். பதினோரு வருடக் குறிப்புகளில் நான்கு நிமிடத்துக்கு மேல் அது முன்பின் ஆனதே இல்லை. துறைமுக நேரத்தோடு ஒரு மணி பத்து நிமிடத்தைக் கூட்டி, அதிலிருந்து அரை மணி கழித்தால் படகு புறப்படும் நேரம். அப்பாவுக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவன் நான்.

பன்னிரண்டாவது வருடம் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. திருவிழா ஞாயிறன்று அவள் மருத்துவமனையில் இருந்தாள். தங்கை கணவரான மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, புறப்படும் நேரத்தைச் சொல்லி, "இந்த ஒரு வருசம் மட்டும் எனக்குப் பதிலா நில்லுங்க மாப்ளே" என்றேன். நின்றார். மறு வருடம் நான் கோயிலுக்கு அழைத்தபோது, அப்போதிருந்த செயலாளர், "மாப்ளதான் இங்கயே இருக்காரே, நீங்க எதுக்குண்ணே பாலம் தாண்டி அலையணும்?" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைய நாட்குறிப்பில், "வேலை அதிகம். திருவிழாவுக்குப் போகவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வருடங்களில் கெரேத்தா என்ஜின் பழுது, மகளுக்குப் பள்ளிச் சோதனை, காய்ச்சல், உறவினர் வருகை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு காரணம் ஒழுங்காக இருக்கிறது.

தங்கை ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாட்சப்பில் படம் அனுப்புவாள். மாப்பிள்ளை தலையில் பட்டுத் துணியோடு சிரித்துக்கொண்டு நிற்பார். நான் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்ப்பேன். துணியின் இடதுபக்க முனை எப்போதும் குட்டையாக இருக்கும். ஐயரிடம் சரியாகக் கட்டச் சொல்லக்கூட இவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவைப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அளவைக் கேட்டு யாரும் என்னைத் தேடி வருவதில்லை. ஆடி பிறந்ததும் தங்கை அழைத்தாள்.

"அண்ணே, ஒம்பது வருசமா ஒரு சாக்கு சொன்ன. இந்த வருசம் என்ன சாக்குன்னு இப்பவே சொல்லிடு. நானும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிறேன்."

"வர்றேன்" என்றேன்.

"நெசமாவா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த யாரிடமோ, "ஏங்க, அண்ணன் வருதாம்!" என்று கத்தினாள். மாப்பிள்ளை ஏதோ உற்சாகமாகச் சொன்னது கேட்டது. அவருடைய உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

திருவிழா ஞாயிறு காலை எட்டு பத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. பாலத்தைக் கடந்து, பைராம் தோட்டத்துச் செம்பனை மரங்களைத் தாண்டி, தங்கை வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஒன்பது ஏழு. பக்கத்து இருக்கையில் என் பழைய நீர்க்குறிப்பு நோட்டு. அதை எதற்கு எடுத்து வந்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை அரைக்கால் சிலுவாரோடு வாசலில் நின்று ஒரு படகு மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மனின் படகை இழுத்துப் போகும் மோட்டார் சம்பானையும் அவர்தான் ஓட்டுகிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"வாங்க மச்சான், வாங்க. பசியாறியாச்சா?"

உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்குள் அவருடைய தொலைபேசி ஏழு முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. "நேரக்காரரே, எத்தன மணிக்கு?" பூக்கடைக்காரர் கேட்டார். உறுமி மேளக்காரர்கள் கேட்டார்கள். கடலோரம் ஆற்றுவாயில் நண்டு பிடிக்கும் சீனர் ஒருவர் மலாயில் கேட்டார். அவர் படகுகளை ஆற்றின் நடுவிலிருந்து ஒதுக்கிக் கட்ட வேண்டுமாம். மாப்பிள்ளை எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். என்னை அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவரும் நேரக்காரர் என்று அழைத்ததில்லை. என்னிடம் நேரத்தைக் கேட்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

"எந்த அட்டவணைய வெச்சு நேரம் பாக்குறீங்க மாப்ளே?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அட்டவணையா? படித்துறைத் தூண்ல ஒரு காலி பிளாஸ்டிக் போத்தல கயித்துல கட்டி விட்டிருக்கேன் மச்சான். தண்ணி ஏறுறப்ப வளைவுப் பக்கமா இழுக்கும், எறங்குறப்ப கடல் பக்கமா இழுக்கும். நடுவுல கொஞ்ச நேரம் தொங்கிப்போய் நிக்கும்ல, அதான் தண்ணி திரும்புற நேரம். நேத்து அஞ்சே கால் இருக்கும். ஒரு நாளைக்கு முக்கா மணி தள்ளிப் போகும். இன்னிக்கு ஆறு மணி வாக்குல நிக்கும். அஞ்சரைக்குக் கெளம்புனா சரி."

"ஆறு மணி வாக்குலயா?"

"வாக்குலதான். ஆறு என்ன, ஆபீசுலயா வேல பாக்குது?" என்று சிரித்தார். தங்கையும் சிரித்தாள்.

நான் நோட்டைத் திறந்தேன். இந்த வருட அட்டவணைப்படி அன்றைக்குத் துறைமுகத்தில் நீர் திரும்புவது ஐந்து இருபது. ஒரு மணி பத்தைக் கூட்டினால் ஆறரை. அரை மணி முன்னால் என்றால் படகு சரியாக ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். அவர் அரை மணி முந்திச் சொல்கிறார். ஒன்பது வருடமாக ஒரு போத்தலைப் பார்த்து, வாக்கில் சொல்லி, பரிவட்டம் கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். இப்போதைய தலைவர் லாரி வியாபாரம் செய்பவர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். வெள்ளைப் பலகையில் "படகு புறப்பாடு 5.30" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான் நோட்டோடு அவரிடம் போய், அந்த நேரம் சரியில்லை என்றேன். நடுவிலிருந்த மேசைமேல் நோட்டை விரித்து, துறைமுக நேரம், படித்துறை நேரம், வித்தியாசம் என்று பத்தி பத்தியாகக் காட்டினேன்.

பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "பினாங்குத் தண்ணிக்கு ஒரு நேரம், நம்ம தண்ணிக்கு ஒரு நேரமாண்ணே?" என்று கேட்டார்.

"கடல்லேர்ந்து தண்ணி இங்க வந்து சேரணுமில்ல. நடந்துதானே வரணும்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இதமாக இருந்தது.

தலைவர் என்னையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே குடும்பம். பேசி ஒரு நேரத்தச் சொல்லுங்கலா. மைக்ல சொல்லணும், சமையக்காரங்க கேக்குறாங்க."

மாப்பிள்ளை நோட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். அவர் விரல் நகங்களின் ஓரத்தில், எவ்வளவு கழுவினாலும் போகாத கருப்பு எண்ணெய்க் கோடு. பதினோரு வருடத்தையும் புரட்டி முடித்துவிட்டு, "அம்மாடி" என்றார். அவர் கேலி செய்யவில்லை. "இத்தன வருசம் ஒக்காந்து எழுதியிருக்கீங்களே! மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும் தலைவரே. ஆறுன்னே எழுதிடுங்க."

தலைவர் பலகையில் ஐந்தரையை அழித்து ஆறு என்று எழுதினார். "அப்ப பரிவட்டம்?" என்று கேட்டார்.

"நேரம் சொன்னவருக்குத்தானே. மச்சானுக்குக் கட்டுங்க. ஒம்பது வருசமா எனக்குத் தல வேர்க்குது" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும்தான்.

நான் வாதாடுவதற்குத் தயாராக வந்திருந்தேன். அவர் மறுத்துப் பேசியிருந்தால் எடுத்துக்காட்ட இன்னும் இரண்டு பக்கம் வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் ஒன்பது வருடம் மனதில் பிடித்து வைத்திருந்ததை இவர், சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவதுபோலத் தட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். கிடைத்ததில் எனக்கு ருசியில்லை. அப்படிக் கொடுக்க முடிகிறதே இவரால் என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு வெள்ளை வேட்டி கட்டிப் படித்துறைக்கு வந்தேன். பெண்கள் இலைத் தட்டுகளில் அகல் விளக்கும் பூவும் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் திரும்பி வந்ததும் அந்த விளக்குகளை ஏற்றி ஆற்றில் விடுவார்கள். உறுமிக்காரர்கள் தோலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மோட்டார் சம்பானில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தூணில் கட்டியிருந்த போத்தலைப் பார்த்தேன். கயிறு வளைவுப் பக்கம் விறைப்பாக இழுபட்டிருந்தது. என் கணக்குப்படி அது இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் அப்படியே இழுபட வேண்டும்.

ஐந்து நாற்பத்தாறுக்குக் கயிறு தளர்ந்தது.

படகு ஏதாவது அலை கிளப்பியிருக்கும் என்று நினைத்தேன். படகு எதுவும் போகவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் போத்தல் தூணுக்கு நேர் கீழே தொங்கி, எந்தப் பக்கமும் போகாமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. நீர் நின்றுவிட்டது. ஆறரைக்கு நிற்க வேண்டிய நீர்.

அந்த இடத்திலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஆற்றுவாயில் மண்ணை வாரி ஆழப்படுத்தியிருந்தார்கள். நாளிதழில் படித்து நாட்குறிப்பில்கூட எழுதியிருக்கிறேன். வாய் ஆழமானால் கடல் நீர் சீக்கிரம் உள்ளே வரும், சீக்கிரம் திரும்பும். நான் வேலை பார்த்த பிரிவில், ஒரு வருடம் சரிபார்க்காத கருவிக்குச் சிவப்பு அட்டை ஒட்டித் தனியே எடுத்து வைத்துவிடுவோம். அதை வைத்து யாராவது அளந்தால் அவரைக் கூப்பிட்டு எச்சரிப்பதும் என் வேலைதான். என் ஒரு மணி பத்து நிமிடத்தைப் பத்து வருடமாக நான் சரிபார்க்கவில்லை.

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். நீர் திரும்பிவிட்டது, வளைவு வரை போக வேண்டாம், பாதி வழியிலேயே பூசையை முடித்துத் திரும்பிவிடலாம். அம்மனை நனையாமல் சேறில்லாமல் அழைத்து வந்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நேரம் சொன்னவன் தவறாகச் சொன்னான் என்று ஆகும். ஐந்தரை என்று சொன்னவர் சரியாகச் சொன்னார் என்று ஆகும்.

ஐயர் தாம்பாளத்தில் பட்டுத் துணியோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை சம்பானில் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அந்த வெயிலில் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்தேன். ஐயர் கட்டினார். இரண்டு முனையும் ஒரே நீளமாக விடச் சொல்லிக் கட்டிக்கொண்டேன். மேளம் முழங்கியது. ஆறு மணி நான்கு நிமிடத்துக்குப் படகு புறப்பட்டது.

முன்முனையில் நின்றேன். மஞ்சளும் கற்பூரமும் கலந்த அந்தத் துணியின் மணம் பத்து வருடத்துக்குப் பிறகு நெற்றியில் இறங்கியது. எனக்கு நேர் எதிரே, இழுத்துப் போகும் சம்பானில், மாப்பிள்ளையின் முதுகு. போகும் வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். இரு கரையிலும் கூட்டம் கூடவே நடந்து வந்தது.

"மெக்கானிக்கண்ணே, நடுவுல மோட்டார நிப்பாட்டிடாதீங்க!"

"நின்னா நீ வந்து தள்ளு!" என்று அவர் திரும்பிக் கத்தினார்.

"நேரக்காரரே, இந்த வருசம் பரிவட்டம் எங்க?"

அவர் கையால் என்னைக் காட்டினார். கரையில் யாரோ ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "யாருடி அது?" என்று கேட்டது தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டது.

"அதான் அவரோட மச்சான்லா. பினாங்குல இருக்காரு."

நான் பிறந்து வளர்ந்த ஊர். என் அப்பா இருபது வருடமும் நான் பதினோரு வருடமும் நின்ற இடம். அதில் நின்றுகொண்டு அன்றைக்கு நான் அவரோட மச்சானாக இருந்தேன்.

ஏறுகிற நீர் இல்லாததால் மோட்டார் சிரமப்பட்டது. இறங்கத் தொடங்கிய நீர் எங்களைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. வழக்கமாக முப்பத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேரும் வளைவுக்கு நாற்பத்தாறு நிமிடம் ஆனது. பூசை இருபது நிமிடம். ஐயர் மந்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்க மாட்டாரா என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கரையோரம் செடிகளின் அடித்தண்டுகளில் ஈரக்கோடு தெரிந்தது. நீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. பிறகு ஒரு முழம்.

திரும்பும்போது ஏழு பதினாறுக்கு, வளைவைத் தாண்டியதும், படகின் அடியில் யாரோ கையை வைத்துப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. அம்மன் முன்னால் சாய்ந்து, ஐயர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உறுமி நின்றுபோனது. சேற்றில் ஏறிவிட்டோம்.

பிறகு கரையிலிருந்து முதல் குரல் வந்தது.

"என்னலா, அம்மாவுக்கு இங்கயே வீடு கட்டிடலாமா?"

"ஆறு மணின்னு எழுதுனது யாரு?"

"பினாங்குத் தண்ணி இன்னும் நடந்து வந்துக்கிட்டு இருக்காம்!"

காலையில் நான் சொல்லிச் சிரிக்க வைத்த வாக்கியம்தான். இப்போது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொப்பென்று குதித்தார். தொடை வரை சேறு. "சிலுவார் போச்சு!" என்று கத்தினார். கரையிலிருந்து ஆறேழு பேர் சிரித்தபடி அவரோடு இறங்கினார்கள். படகு இலேசாக வேண்டும் என்று உறுமிக்காரர்களும் இறங்கினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"நீங்க எறங்காதீங்க மச்சான்!" என்று அவர் கீழேயிருந்து கையை நீட்டித் தடுத்தார். "பரிவட்டம் கட்டியிருக்கு. அம்மா கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எறங்கக் கூடாது."

உண்மைதான். அதுதான் வழக்கம். ஆகவே நான் பளிச்சென்ற வேட்டியோடு முன்முனையில் நின்றேன். கீழே அத்தனை பேரும் சேற்றில் தோளோடு தோள் முட்டித் தள்ளினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஒருவர் சறுக்கி விழுந்து மாப்பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தச் சேற்றின்மீது எனக்கு ஆசையாக இருந்தது. என்னால் வந்த சேறு, எனக்கு அதில் இடமில்லை.

கரையில் மறுபடியும் யாரோ, "தப்பான நேரம் சொன்னா இப்டித்தான்" என்றார்கள். மாப்பிள்ளை தள்ளுவதை நிறுத்தாமலே கத்தினார். "நேரத்த ஏன்லா கொற சொல்றீங்க? போன மழைக்கு வந்த சேறு! யாருக்குத் தெரியும் இங்க மேடாகிக் கெடக்குன்னு? வாய்ப் பேச்சு பேசாம எறங்கி வந்து தள்ளு!"

கேட்டவர் இறங்கி வந்து தள்ளினார்.

ஏழு நாற்பத்தொன்றுக்குப் படகு நகர்ந்தது. கோயில் படித்துறையைத் தொடும்போது எட்டு. படகுக்கும் படிக்கும் இடையில் இருந்த சேற்றில் பலகை போட்டு அம்மனை இறக்கினார்கள். பெண்கள் விளக்குகளை ஏற்றிப் பலகைமேல் நடந்து போய் நீரில் விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கை என்னைப் பார்த்து, "தட்டப் பிடிச்சுப் பிடிச்சு கையே மரத்துப் போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த குழாயடியில் மாப்பிள்ளை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பட்டுத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். வேறு யாரும் இல்லை.

"மாப்ளே, அது சேறு இல்ல. அஞ்சே முக்காலுக்கெல்லாம் போத்தல் தொங்கிடுச்சு. நான் பாத்தேன்."

அவர் குழாயை மூடவில்லை. "தெரியும் மச்சான். நானும் பாத்தேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னதையும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் நீங்க சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஐயரு கட்டிட்டாரு. கட்டுன பெறகு எப்படிச் சொல்றது? ஒம்பது வருசம் கழிச்சு வந்திருக்கீங்க." மற்றக் காலைக் குழாய்க்குக் கீழே வைத்தார். "வத்துனா தள்ளிக்கலாம்னு நெனச்சேன். தள்ளுறதுக்கு ஆளா இல்ல?"

அவர் குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று கவனமாகக் கேட்டேன். இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்தப் பரிவட்டத்தை என்னிடம் இரண்டு முறை கொடுத்திருக்கிறார். ஒருமுறை மண்டபத்தில், எல்லோர் முன்னாலும். இன்னொருமுறை படித்துறையில், நான் சொன்னது தவறு என்று தெரிந்தே, யாருக்கும் தெரியாமல். நான் ஒருமுறையாவது எதையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுத்தால்தான் அன்றிரவு தூங்க முடியும். அதில் நல்லெண்ணம் எவ்வளவு, போட்டி எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தலைவர் தோளில் துண்டோடு இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாறிக்கொண்டிருந்தார். குழாயடியிலிருந்து மண்டபம் வரை நடந்த முப்பது அடியில் என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டேன். காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தேன். அவர் என் எதிரே வந்து குனிந்தபோது, இரண்டு பக்கத்து இலைகளுக்கும் கேட்கிற குரலில் பேசினேன்.

"தலைவரே, ஒன்னு சொல்லணும். படகு தட்டுனது சேத்தால இல்ல. நான் சொன்ன நேரம் தப்பு. கெளம்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் சொல்லல. மாப்ள சொன்ன அஞ்சரைதான் சரி. அதனால அடுத்த வருசத்துலேர்ந்து அவரே நேரம் சொல்லட்டும், பரிவட்டத்தையும் அவருக்கே கட்டுங்க. நான் வெலகிக்கிறேன்."

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். தலைவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"அவருதானேண்ணே எப்பவும் சொல்றாரு" என்றார். "நீங்க இன்னிக்கு ஒரு நாள்தானே. அத விடுங்க, அம்மா நல்லபடியா வந்து சேந்துட்டாங்கள்ல." கரண்டியை வாளியில் விட்டுக் கலக்கினார். "சாம்பாரா, ரசமா?"

ரசம் என்றேன். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.